ஒழுகும் கூரை யாருடைய கடன்?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் இரவு முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். குன்றக்குடியிலிருந்து கிளம்பி நத்தம் வழியே வரும் நகரத்தார் காவடிக் கூட்டத்துக்கு முன்னும் பின்னுமாக, மதுரைப் பக்கத்திலிருந்தும் சிவகங்கைச் சீமையிலிருந்தும் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக வருகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நடந்து வருபவருக்குத் தண்ணீர் வேண்டும், ஒரு பிடி சோறு வேண்டும், இரவில் தலை சாய்க்க ஒரு கூரை வேண்டும். தண்ணீரையும் சோற்றையும் வழிநெடுகப் பந்தல் போட்டு யாராவது கொடுத்துவிடுகிறார்கள். கூரையை அப்படி ஒரே நாளில் கொடுக்க முடியாது. கல்யாண மண்டபமோ, பள்ளிக்கூடத் தாழ்வாரமோ, ஊராட்சியின் சமுதாயக்கூடமோ, அது முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும்; கட்டியதை யாராவது பராமரித்து வந்திருக்கவும் வேண்டும். கொப்புளம் வெடித்த காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, துண்டை விரித்துப் படுக்கிறவரிடம் அங்கே யாரும் ஊரும் கேட்பதில்லை, பேரும் கேட்பதில்லை.

ரெட்டியார்சத்திரமும் ஒட்டன்சத்திரமும் இதே சாலையில் இருக்கும் ஊர்கள். வழிப்போக்கருக்காக எழுந்த சத்திரங்களைச் சுற்றி வளர்ந்து, அவற்றின் பெயரையே தாங்கி நிற்பவை. இன்றைக்கு ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பொதுக்கூரை என்ற எண்ணம் இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல என்பதற்கு அந்த ஊர்ப்பலகைகளே போதும்.

அப்படிப்பட்ட ஒரு பொதுமண்டபம் பழுதாகிறது. புதுப்பிக்கக் கோடி ரூபாய் மதிப்பீடு வருகிறது. எந்த ஊர் மன்றத்திலும் உடனே இரண்டு குரல்கள் எழும். "இந்தப் பணத்தில் எத்தனை தெருவுக்குச் சாக்கடை கட்டலாம்?" என்று ஒருவர் கேட்பார். "வாடகை வரும், போட்ட காசு திரும்பிவிடும்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே மண்டபத்தை ஒரு செலவாகவோ வரவாகவோ மட்டும் பார்க்கின்றன. அடியில் கிடக்கும் கேள்வி வேறு. பொதுக்கூரையைப் புதுக்குவது அறமா, ஆடம்பரமா? அறம் என்றால் எது வரைக்கும்?

இதையொத்த கேள்வி ஒன்று, கோயில் மண்டபங்களை முன்வைத்து, நீதிமன்றப் படியும் ஏறியது. தமிழ்நாட்டில் 27 கோயில்களில் 80 கோடி ரூபாயில் திருமண மண்டபங்கள் கட்டப்படும் என்று அரசு அறிவித்திருந்தது. அவற்றில் ஐந்து கோயில்களின் நிதியைப் பயன்படுத்த அனுமதித்த ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. காணிக்கை கோயிலுக்கும் தெய்வத்துக்கும் உரியது, வாடகைக்கு விடும் மண்டபம் சமய நோக்கம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அரசு உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பரில் தடை தர மறுத்த நீதிபதிகள், பக்தர்கள் கல்யாண மண்டபம் கட்டுவதற்காக உண்டியலில் பணம் போடுவதில்லை என்றார்கள். அறப்பணிதான் நோக்கம் என்றால் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பணம் போகலாமே என்ற கருத்தும் அங்கே எழுந்தது.

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் இதையொட்டி ஒரு பிரிவு இருக்கிறது. 36-ஏ என்ற அந்தப் பிரிவு, கோயிலின் உபரி நிதியை ஏழை இந்துக்களின் திருமணத்துக்குச் செலவிட இடம் தருகிறது. அடுத்த பிரிவு ஏழைகளுக்குச் சோறிட இடம் தருகிறது. ஆக, திருமணம் கோயிலுக்கு அந்நியம் என்று சட்டமே சொல்லவில்லை. அது பார்ப்பது, அந்தத் திருமணத்தில் ஏழை இருக்கிறாரா என்பதை. வாடகைக்கு விடும் மண்டபத்தில் பணம் கட்டுகிறவர் இருக்கிறார். ஏழை இருக்கிறாரா என்பது தெரியாது. தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் இந்த வித்தியாசம் பிடிபட வேண்டும். கூரைக்குச் செலவிடுவதை நீதிமன்றம் பழிக்கவில்லை. யாருக்கான கூரை, யாருடைய பணம் என்று கேட்டது.

மதுரையில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயில் கடைகளில் பற்றிய தீயில் வீர வசந்தராயர் மண்டபம் சிதைந்தது. கல் எரியாது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் கடும் சூட்டில் கருங்கல் உள்ளுக்குள் விரிந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். தூணே பிளந்தால் மேல்தளம் நிற்காது. புதுத் தூண்களுக்கு ஏற்ற கல்லைத் தேடி நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் பக்கத்துப் பட்டணம் வரை போனார்கள். கல் வெட்டுவதும் கொண்டுவருவதும் செதுக்குவதுமாக வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று மதுரைக்காரர்கள் கேட்டார்கள். ஏன் இவ்வளவு செலவு என்ற கேள்வி அநேகமாகக் காதில் விழவில்லை.

அதே கோயிலின் கீழக்கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். வசந்த உற்சவத்துக்காக எழுந்த அந்த மண்டபத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் தலைமுறைகளாகத் தூணுக்குத் தூண் இடம்பிடித்திருந்தன. யாளியின் காலடியில் தையல் மிஷின் ஓடும். நாயக்கர் சிலைக்குப் பக்கத்தில் சாமிக்குச் சாத்தும் துணி தொங்கும். புதுப்பிப்பதற்காக அந்தக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. புதுக்குவதன் விலையில் ஒரு பகுதி எந்த மதிப்பீட்டிலும் வராது. அதை இடம் பெயர்ந்தவர்கள் கட்டுகிறார்கள். அங்கும் செலவைப் பற்றிய முணுமுணுப்பைவிட, சிற்பங்கள் மீண்டும் கண்ணுக்குத் தெரியும் என்ற எதிர்பார்ப்பே மேலோங்கியது.

மாநகராட்சி மண்டபம் என்றால் மட்டும் ஏன் நம் பேச்சு மாறுகிறது?

கோயில் மண்டபத்துக்கு ஓர் உடையவர் உண்டு. சட்டத்தின் பார்வையில் கோயிலின் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நபர். அதுவும் மைனரைப் போன்ற நபர். தன் சொத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத அந்த நபருக்காக நீதிமன்றமே காப்பாளராக நிற்கிறது. மாநகராட்சி மண்டபத்தின் உடையவர் யார் என்று கேட்டால் 'எல்லோரும்' என்பது பதில். எல்லோருடையதும் என்பது நடைமுறையில் யாருடையதும் அல்லாததாக ஆகிவிடுகிறது. பதினைந்து வருடம் கழித்து அந்த மண்டபத்தில் மாலை மாற்றப்போகும் பெண் இன்று ஆறாவது வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கு மன்றத்தில் வாக்கு இல்லை. அவளுக்காகப் பேசக் காப்பாளரும் இல்லை. கோயில் சொத்தில் நம் மரபும் சட்டமும் சேர்ந்து கண்டடைந்த அந்தக் காப்பாளர் என்ற எண்ணம் ஊர்ப்பொது மண்டபத்துக்கும் வேண்டும். புதுப்பிக்கும் செலவுக்கு அடிப்படையான நியாயம் அங்கேதான் இருக்கிறது: முன்னே கொடுத்தவருக்கும் பின்னே வரப்போகிறவருக்கும் நடுவில் நிற்கிற தலைமுறை செலுத்த வேண்டிய கடன் அது.

இந்தக் கடனை நம் கல்வெட்டுகள் நன்றாக அறிந்திருந்தன. நிலமோ பொன்னோ ஆடோ கொடுத்தவர், கல்வெட்டின் முடிவில் தன் கொடையை அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எச்சரிப்பார். அது பலருக்கும் தெரிந்தது. அதைவிட ஆழமான வழக்கம் இன்னொன்று உண்டு. இந்தத் தர்மத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளர் எழுதிவைப்பார். மன்னனும் எழுதினான், வணிகனும் எழுதினான். பிறக்காத ஒருவனின் காலைத் தன் தலையில் இப்போதே தாங்கிக்கொள்கிறார் கட்டியவர். காப்பவன் எந்தக் குலமோ, எந்த ஊரோ, அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே வணங்குகிறார். கட்டியவரைவிடக் காப்பவர் மேல் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

சொன்னதோடு நின்றுவிடவும் இல்லை. பழுது பார்ப்பதற்கென்றே தனியாக நிலம் விட்டார்கள்; அதற்குப் புதுக்குப்புறம் என்று பெயர். விளக்குக்கு ஒரு நிலம், பூசைக்கு ஒரு நிலம் என்பதுபோல, பிற்காலத்தில் கல் பெயர்ந்தால் சரிசெய்வதற்கு ஒரு நிலம். அதன் விளைச்சலை வேறெதற்கும் தொடக்கூடாது. நம் காலத்தில் கட்டடம் திறப்பதற்கு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, அமைச்சரின் பெயர் உண்டு. அடுத்த ஆண்டு மழைக்கு முன் மொட்டைமாடியின் வடிகுழாயில் அடைத்த சருகை அள்ள ஆளும் இல்லை, அதற்கு நிதியும் இல்லை. ஆகம மரபில் புதிதாகக் கட்டுவதைவிட ஜீர்ணோத்தாரணத்துக்கு, அதாவது பழுதுற்றதைப் புதுக்குவதற்குப் பலன் பல மடங்கு என்பார்கள். புதிதாகக் கட்டுகிறவருக்குப் பெயர் தானாகவே நிலைத்துவிடும்; சருகு அள்ளியவருக்குக் கல்வெட்டு கிடையாது. அந்தக் குறையைப் பலனைக் கூட்டிச் சொல்லி மரபு ஈடுகட்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பேகம்பூரைத் தெரியாதவர் இல்லை. அங்கிருக்கும் பள்ளிவாசலில் தொழுகிறவர்களின் சட்ட மரபிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருக்கிறது. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தைச் செப்பனிடுவதற்கே என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் முடிவு. கொடுத்தவர் பத்திரத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். வக்ஃபு என்பது என்றைக்கும் நிற்க வேண்டிய அறம். கட்டடம் விழுந்துவிட்டால் ஏழைக்குப் போகவேண்டிய பங்கும் சேர்ந்தே விழும். ஆகவே முதலில் சுவர், பிறகு பங்கு.

கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில் யோவாஸ் அரசனின் கதை இதே விஷயத்தை ஒரு நிர்வாகப் பாடமாகச் சொல்கிறது. எருசலேம் ஆலயத்தின் பழுதுகளைப் பார்க்கப் பணம் வசூலிக்கும்படி ஆசாரியர்களிடம் அவன் சொல்லியிருந்தான். அவன் ஆட்சியின் 23ஆம் ஆண்டு வரை ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. பிறகு யோய்தா என்ற ஆசாரியர் ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆலயத்துக்கு வந்த பணம் அந்தப் பெட்டியில் விழுந்தது. நிறைந்ததும் அரசனின் கணக்கரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணி, வேலையை மேற்பார்த்தவர்களிடம் கொடுத்தார்கள்; அவர்கள் அதைத் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யவில்லை என்று வேதம் தனியாகக் குறித்துவைக்கிறது. கூரை ஒழுகும்போது வெள்ளிக் கிண்ணம் வாங்கக்கூடாது. திண்டுக்கல் தொடங்கி எந்த ஊரின் மண்டபத்துக்கும் இந்த வரிசை பொருந்தும். முதலில் தளம், கழிப்பறை, மின்கம்பி, தீத்தடுப்பு. பளிங்கும் அலங்கார விளக்கும் ஏசியும் அதற்குப் பிறகு.

கான்கிரீட் மண்டபம் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வரிசையின் அவசியம் புரியும். மேல்தளத்தில் தேங்கும் மழைநீர் மயிரிழை விரிசல் வழியே இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் சுவரில் பழுப்புக் கோடு, பிறகு உப்பல், ஒருநாள் கல்யாணப் பந்தியில் இலைமேல் பெயர்ந்த துண்டு ஒன்று விழும். பழுப்புக் கோடு தெரிந்த அன்றே தளத்தைச் சுரண்டித் தட்டோடு பதித்திருந்தால் சில லட்சத்தோடு போயிருக்கும். கம்பி வெளியே தெரியும் நாளில் தளத்தையே உடைக்க வேண்டும். கோடிக்கணக்கான மதிப்பீடு வந்து நிற்கும்போது அதிர்ச்சியடைகிறோம். அதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவிடாமல் சேமித்துவிட்டதாக எண்ணிய பணத்தின் வட்டி.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பொது மண்டபம் இதற்கு மாநிலத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டிய அந்தச் செங்கல் மண்டபம் 1880களின் இறுதியில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1890களிலேயே சென்னைவாசிகள் அங்கே சலனப்படம் பார்த்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் பயனின்றிக் கிடந்து, செங்கல் உதிர்ந்து, மரம் இற்றுப்போனது. 32.62 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மாநகராட்சி அதை மீட்கும் பணியை எடுத்தது. அவ்வளவு பணத்துக்கு வேறிடத்தில் புத்தம்புதிய அரங்கமே கட்டலாம் என்று சொல்பவர் உண்டு. கட்டலாம். அந்தப் புதிய அரங்கத்தில் 1897 இருக்காது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய விவேகானந்தருக்கு அங்கே வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. உள்ளே வர முடியாத பல்லாயிரம் பேர் வெளியே நின்று குரல் கொடுத்தார்கள். உள்ளே முறையாக நடக்க வேண்டிய நிகழ்ச்சியை விட்டுவிட்டு, துறவி வெளியே வந்து ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று பேசினார். இரைச்சலில் அதிகம் பேச முடியவில்லை. சில நாட்கள் கழித்து அதே மண்டபத்தில் தன் செயல்திட்டத்தை விரிவாகச் சொன்னார். பொதுமண்டபங்களின் வரலாற்றில் இந்த நிகழ்ச்சியைவிட முக்கியமானது அதிகம் இருக்காது. சிறந்த மண்டபத்துக்கும் ஒரு வாசல் அளவு உண்டு. அந்த அளவுக்கு வெளியே நிற்கிறவரை நினைத்துத் தவிக்கிற பேச்சாளரும், அந்தத் தவிப்பை மதிக்கிற நிர்வாகமும் சேர்ந்தால்தான் மண்டபம் பொது ஆகிறது. ஆழ்ந்து பேச, இரைச்சல் இல்லாத ஓர் உள்ளிடம் வேண்டும் என்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது.

வாடகை வரும், வெளியூர்க்காரர் வந்து தங்குவார்கள், ஊர் செழிக்கும் என்ற கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமெரிக்க நகரங்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கை நம்பி மாநாட்டு மையங்களைக் கட்டியும் விரித்தும் வந்திருக்கின்றன. ஹேவுட் சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூலில் அந்த மையங்களின் முன்கணிப்பையும் உண்மையில் வந்த கூட்டத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். கலந்தாலோசகர்கள் சொன்ன கூட்டம் ஊருக்கு ஊர் வராமல் போயிருந்தது. வராததற்குக் காரணம் மண்டபம் சிறியது என்று சொல்லி இன்னும் பெரிதாக்கினார்கள். லாபத்தை நியாயமாகச் சொல்லிச் செய்த செலவு, லாபம் வராதபோது வாயடைத்து நிற்கும். பிறகு லாபத்தை வரவழைக்க வாடகையை ஏற்றுவார்கள். யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் முதலில் வெளியேறுவார்கள். திண்டுக்கல் போன்ற ஊரில் முகூர்த்த மாதங்களில் செலவு மண்டப வாடகையோடு முடிவதில்லை. அட்வான்ஸ், கரண்ட் சார்ஜ், ஜெனரேட்டர் டீசல், பாத்திர வாடகை, கிளீனிங் என்று துண்டுச்சீட்டு நீளும். பூட்டுப் பட்டறைத் தொழிலாளியும் சின்னாளபட்டி நெசவாளியும் பெண்ணுக்கு வாங்கும் கடனில் கணிசமான பங்கு அந்தத் துண்டுச்சீட்டுக்குப் போகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். அறத்துக்குக் கூரையே தேவையில்லை என்பது அந்த வாதம். அதைச் சொல்லாமல் செய்து காட்டியவர், ஏழைகளுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்டு ஊர் ஊராக நடந்த வினோபா பாவே. 1956 நவம்பரில், தமிழ்நாட்டில் அவர் நடந்துகொண்டிருந்தபோது, இதே பழனியில் வைத்துத்தான் பூதான இயக்கம் தன் குழுக்களைக் கலைத்தது. காந்தி நினைவு நிதியிலிருந்து வந்த பண உதவியையும் கைவிட்டது. பணமும் அமைப்பும் சேர்ந்தால் மக்கள் கைகட்டி நின்றுவிடுவார்கள் என்பது வினோபாவின் கவலை. மரத்தடி போதும், மைதானம் போதும், மனிதர் மனம் இளகினால் போதும் என்று நம்பினார்.

வடலூரில் எழுந்த தகராறும் இந்த வாதத்துக்கே வலு சேர்க்கிறது. வள்ளலாருக்காகப் பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய ஞான சபையைச் சுற்றிப் பெருவெளி இருக்கிறது. தைப்பூசத்தன்று ஜோதி காண வரும் கூட்டம் நிற்பது அந்த வெட்டவெளியில். அங்கே சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு 2024இல் அடிக்கல் நாட்டியதும், ஊராரும் சன்மார்க்க அன்பர்களில் பலரும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பெருவெளியே அங்கு மண்டபம். வானமே கூரையாக இருக்கும் இடத்தில் இன்னொரு கூரை எழுப்பினால் வெளி சுருங்கும். எதிர்த்தவர்கள் சொன்னதில் பெரும் நியாயம் இருக்கிறது. வேறிடத்தில் அதே மையத்தைக் கட்டுங்கள் என்றுதான் அவர்களும் கேட்டார்கள்.

வினோபாவின் வழி துறவிக்கும் இயக்கத்துக்கும் பொருந்தும். கார்த்திகை மழையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பனுக்கு மரத்தடி போதாது. வெள்ளத்தில் வீடிழந்தவரைப் படுக்க வைக்க மைதானம் போதாது. புயல் எச்சரிக்கை வந்தால் தாசில்தார் முதலில் தேடுவது சமுதாயக்கூடத்தின் சாவியை. துறவியின் எளிமையை ஏழையின் மேல் சுமத்துவது நியாயமில்லை. எளிமையைத் தேர்ந்துகொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்ததே இல்லை.

ஏழையைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. தென்மாவட்டங்களில் சாதிச் சங்கத்துக்கு ஒன்று என்று கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. வசதியான சங்கத்துக்கு நல்ல மண்டபம், உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகை. எந்தப் பெரிய சங்கத்தின் நிழலும் இல்லாதவருக்கு, சாதி மாறித் திருமணம் செய்துகொள்கிறவருக்கு மாநகராட்சி மண்டபம்தான் கேள்வி கேட்காத இடம். அதே வேளையில் காலனிக்கு ஒரு சமுதாயக்கூடம், ஊருக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டி, பொதுப்பணத்திலேயே சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. அப்படிப் பிரிந்து நிற்கும் இரண்டில் ஒன்றை மட்டும் பளபளப்பாக்குவது புதுக்குவதாகாது. தாழ்த்தப்பட்டவருக்குக் கதவு திறக்காத கோயில்களுக்குள் போவதைக் காந்தி தவிர்த்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939 ஜூலையில் எல்லோருக்கும் திறந்தது. 1946 பிப்ரவரியில் அவர் மதுரைக்கும் பழனிக்கும் வந்து, இரண்டு கோயில்களிலும் தரிசனம் செய்தார். அவருக்குக் கோபுரத்தின் உயரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை, கதவு திறந்திருக்கிறதா என்பதே பொருட்டாக இருந்தது. மண்டபம் புதுக்கும் செலவையும் அந்த அளவுகோலால் அளக்கலாம். வேலை முடிந்த பிறகு, முன்பு வர முடியாத யார் உள்ளே வருகிறார்? முன்பு வந்த யார் வெளியே நிற்கிறார்?

அடுத்தது கணக்கு. திண்டுக்கல்லிலிருந்து தெற்கே, மதுரையைத் தாண்டினால் தே.கல்லுப்பட்டி. தன் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர், பயிற்சி பெற்ற தணிக்கையாளர், 1945இல் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலைத் தந்தவர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தபோது, தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். காந்தியும் அவருடைய ஆட்களும் அங்கே வந்தார்கள். அவர்களின் செலவு மூன்று அணாவுக்குள் அடங்காது. நிவாரண நிதியிலிருந்து அதைத் தர முடியாது என்று காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயிடம் நேராகச் சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். துயரப்பட்டவருக்காகச் சேர்ந்த பணத்தை மகாத்மாவுக்காகவும் தொடக்கூடாது என்பது குமரப்பாவுக்கு வெறும் கணக்குப் பழக்கமாக இருக்கவில்லை, வழிபாடாகவே இருந்தது.

இந்தக் கண்டிப்புக்கும் இங்கே நீண்ட வேர் உண்டு. உத்திரமேரூரில் ஊர்ச்சபை கூடிய மண்டபத்தின் சுவர்களில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும், குடவோலை விதிகளைப் பொறித்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியில்லாதவர். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே கதி. அந்த விதியை அவர்கள் ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டவில்லை. கூடிப்பேசும் இடத்தின் கல்லிலேயே வெட்டினார்கள், வருகிற ஒவ்வொருவரும் பார்க்கும்படி.

திண்டுக்கல் 1866இல் நகராட்சியாகி, 2014இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். மாநகராட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் இப்போது சட்டப்படி உண்டு; 2022 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அங்கே பெரும்பாலும் தெருவிளக்கும் குடிநீரும் சாக்கடையும் பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். பொதுமண்டபம் ஒன்றைப் புதுக்கும் மதிப்பீடு வந்தால் அதையும் அங்கே வரிவரியாக வாசிக்கலாம். தளத்துக்கு எவ்வளவு, பளிங்குக்கு எவ்வளவு. குறைந்த வாடகை நாட்கள் மாதத்தில் எத்தனை, பாதயாத்திரை நாட்களிலும் புயல் நாட்களிலும் சாவி யாரிடம். வேலை நடக்கும் மாதங்களில் அங்கே பிழைத்தவர்கள் எங்கே போவார்கள். வாடகையில் ஒரு பங்கைப் பழைய புதுக்குப்புறம் போலத் தனிக்கணக்கில் பூட்டி, பழுதுபார்ப்பதைத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்று தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்தையும் ஆண்டு வரவுசெலவையும் மண்டபத்தின் நுழைவாயிலில், திறப்புவிழாக் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுதிவைக்கலாம்.